அக்காவுக்குப் பொருந்துகிற சொல்

அக்டோபர் 17

மியுகி இன்று ஒரே கேள்வியில் என்னை மடக்கிவிட்டாள். வரும் வழியில் பெட்டிக்கடையில் தொங்கிய செய்தித்தாள் போஸ்டரைப் படித்திருக்கிறாள்: ‘கோவையில் பெரும் பரபரப்பு.’

“டீச்சர், கோயம்புத்தூர் மிகவும் சந்தோஷமா?”

இல்லை, ஏதாவது கொலையோ கொள்ளையோ இருக்கும் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. போன வாரம் கல்யாண வீடு பரபரப்பாக இருந்தது என்று நான்தான் ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்தேன். கல்யாணத்துக்கும் கொலைக்கும் ஒரே சொல்லா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷம் தமிழ் நடத்தியபோது ஒரு பிள்ளைகூட இப்படிக் கேட்டதில்லை. இந்த ஜப்பான்காரி, பகலில் நூற்பாலை இயந்திரம் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, வாரம் இரண்டு நாள் என் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்து, என் வேலையை எனக்கே புதிதாக்கிவிடுகிறாள்.

அக்கா பரணைச் சுத்தம் செய்துவிட்டாள். நான் கேட்கவே இல்லை. மாமா தவறிய பிறகு எங்களோடு வந்து தங்கி ஆறு வருஷம் ஆகிறது. சமைப்பாள், துணி மடிப்பாள், மீதி நேரம் பின்கட்டு அறையில் படுத்திருப்பாள். இன்று ஸ்டூல் போட்டு ஏறி, கீழே நின்ற என் தலையில் தூசியைத் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

அக்டோபர் 24

அக்கா கேட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட்டாள். பச்சை. யாரையும் கேட்கவில்லை.

அக்டோபர் 29

இன்றைய பாடம் முழுக்க ஓடியாடுகிறவர்களைப் பற்றிய சொற்கள். பாடம் எடுத்தது நானா அக்காவா என்று தெரியவில்லை.

‘சுறுசுறுப்பு’ பாராட்டு என்றேன். எறும்பு, தேனீ, நல்ல பிள்ளைகள். ‘துறுதுறு’ பெரும்பாலும் குழந்தைகளுக்கு, கண்ணுக்கும் சொல்லலாம். ‘பரபரப்பு’ வந்தால் நல்லதோ கெட்டதோ ஏதோ நடக்கப்போகிறது என்று பொருள். ‘படபடப்பு’ நெஞ்சுக்குள் நடப்பது.

அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். “கை பரபரங்குதுன்னு சொல்லிக் குடு புள்ள. சும்மா உக்காந்திருந்தா எனக்கு அப்படித்தான் இருக்குது.”

மியுகி உடனே எழுதிக்கொண்டாள். அவள் மொழியிலும் இப்படி இரட்டைச் சொற்கள் உண்டாம். ஆசையோடு காத்திருந்தால் ‘வக்குவக்கு’. நெஞ்சு அடித்துக்கொண்டால் ‘தொகிதொகி’. இருப்புக்கொள்ளாமல் இருந்தால் ‘சொவசொவ’. அக்கா மூன்றையும் சொல்லிப் பார்த்தாள். ‘சொவசொவ’ அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சட்டினி தாளிக்கும்போது கேட்கிற சத்தம் மாதிரி இருக்கிறதாம்.

“சாந்தாமணி அக்கா கண் துறுதுறு,” என்றாள் மியுகி. “சரியா, டீச்சர்?”

நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு அப்படிச் சொல்வதில்லை என்று திருத்தப்போனேன். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். கண் அகலமாக விரிந்து, பளபளவென்று, உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. திருத்தவில்லை.

நவம்பர் 8

தீபாவளிக்கு அக்கா செய்த பலகாரம் இன்னும் தீரவில்லை. மூன்று டப்பா. அவளே பாதியைத் தின்கிறாள். சோறும் இரண்டு பங்கு. ஆனாலும் ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது என்று என்னிடம் பிடித்துத் தைக்கக் கொடுத்தாள். நான் காலையில் நடக்கப் போகிறேன், சர்க்கரை இல்லாமல் காபி குடிக்கிறேன், என் ஜாக்கெட் ஒன்றுகூடத் தொளதொளக்கவில்லை.

என் வீட்டுக்காரர் கனகராஜ் சாப்பிடும்போது சொன்னார்: “அக்காவுக்குச் சக்கரம் கட்டி விட்டாப்பல இருக்குது. இப்பத்தான் வீட்டுக்கு வெளிச்சம் வந்திருக்குது.” இத்தனை வருஷமாக நான் இருந்த வீடு அது. இருட்டாகவா இருந்தது?

நவம்பர் 16

அக்கா கும்மியில் சேர்ந்துவிட்டாள். இப்போது எங்கள் பக்கம் எந்த ஏரியாவில் பார்த்தாலும் பெண்கள் சாயங்காலம் மைதானத்தில் கூடி வள்ளி கும்மி பழகுகிறார்கள். ஒரே நிறச் சேலை, காலில் சலங்கை, வட்டம் கட்டி நாலைந்து மணி நேரம் ஆடுகிறார்கள். வங்கி மேனேஜர், டைலர், கல்லூரிப் பெண் எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் அக்கா? கல்யாணத்தில்கூட மேடை ஏற வெட்கப்பட்டு, போட்டோவில் தலையைக் குனிந்தே நிற்பவள்.

“எனக்கு மூச்சு விட நேரமில்ல புள்ள,” என்றாள் சந்தோஷமாக. ராச்சாப்பாட்டை நான்தான் செய்யவேண்டி வந்தது. ரசம் சரியாக வரவில்லை.

நவம்பர் 23

ஒன்று எழுதுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை.

அக்காவுக்கு யாரையோ பிடித்திருக்கிறதோ என்று ஒரு வாரமாக யோசனை. முகத்தில் அந்தச் சிவப்பு. விடியும் முன்னே எழுந்து குளித்துவிடுகிறாள். பேச்சு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. ‘கால் தரையில் பாவவில்லை’ என்று இதைத்தானே சொல்வார்கள். தப்பில்லை. அவளுக்கும் வாழ்க்கை இருக்கிறது. ஆனால் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதுதான்.

இன்று காய்கறி வாங்குகிற சாக்கில் கும்மி மைதானத்துக்குப் போனேன். ஆண் என்று பார்த்தால் வேலுச்சாமி வாத்தியார் ஒருவர்தான். எழுபது வயது, வெற்றிலை வாய், மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் திட்டுகிறார். அக்காவையும் திட்டினார். “அம்மிணி, நீங்க பாட்டுக்கு முன்னால போறீங்கோ! பாட்டு பின்னாலயே ஓடி வருது பாருங்கோ!”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காதான் அதிகம் சிரித்தாள். கழுத்தெல்லாம் வியர்வை. முதல் வரிசையில் ஆடினாள்.

வேலியோரம் நின்று கடைசி வரை பார்த்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. வெண்டைக்காய் வாங்க மறந்துவிட்டேன்.

டிசம்பர் 4

எதிர் வீட்டு ரங்கநாயகியம்மா கேட்டுக்கு வெளியே நின்றபடியே சொன்னார்: “உங்கக்காவுக்கு இந்த வயசுல என்ன ஆட்டம் வேண்டியிருக்குது?”

மியுகி அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததும் முதல் கேள்வி: “ஆட்டம் நல்ல சொல் இல்லையா, டீச்சர்? கிரிக்கெட் ஆட்டம் நல்லது. கும்மி ஆட்டம் நல்லது. அந்தம்மா சொன்ன ஆட்டம் கெட்டது. எப்படித் தெரியும்?”

“சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்,” என்றேன்.

ஓடியாடுகிற பையனை என்ன சொல்வீர்கள், பெண்ணை என்ன சொல்வீர்கள் என்று அடுத்ததாகக் கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பையன் சுட்டி, வாலு. கொஞ்சம் வளர்ந்தால் துடிப்பான இளைஞன். பெண்ணுக்கு என்று யோசித்தால் ‘அடங்காதவள்’, ‘ஆட்டம் போடுகிறாள்’, ‘அலம்பல்’, ‘தலைகால் தெரியாமல்’ என்றுதான் வரிசையாக நாக்கில் வந்தன. பாதியில் நிறுத்திக்கொண்டேன். மியுகி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

“உங்கள் மொழியில்?” என்று கேட்டேன்.

“எங்கள் மொழியிலும் அப்படித்தான்,” என்றாள்.

டிசம்பர் 13

கடுங்குளிர். கனகராஜ் காதில் மப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அக்கா ஃபேனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறாள். “உங்களுக்கெல்லாம் ரத்தம் சுண்டிப்போச்சு,” என்கிறாள். எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தபோது தம்ளர் டபராவில் கிடுகிடுவென்று தட்டிக்கொண்டே வந்தது. பாதி டபராவில்தான் இருந்தது.

கும்மி அரங்கேற்றம் பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. சேலை மாம்பழ நிறமாம். அக்கா அதைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசினாள்.

டிசம்பர் 20

அக்கா இன்று பால்காரரிடம் சண்டை போட்டாள். பிறகு அழுதாள். பிறகு அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாள். எல்லாம் பால் காய்வதற்குள்.

ஜனவரி 7

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

‘படபட’வுக்கும் ‘தடதட’வுக்கும் என்ன வித்தியாசம் என்று மியுகி கேட்டாள். படபட என்றால் இறக்கை அடிக்கிற மாதிரி, லேசானது, வேகமானது. தடதட என்றால் கனம் உண்டு, ரயில் பாலத்தில் போகிற மாதிரி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“இதெல்லாம் வாயில சொன்னா வெளங்குமா? இந்தா கண்ணு, புடிச்சுப் பாரு. இதுதான் படபட.”

மியுகியின் விரல்களை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தாள். மியுகி சிரித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, “படபட, படபட” என்று கூடவே சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் வாய் தடுமாறியது. “படபட, பட, படபடபட… பட…”

கண்ணைத் திறந்தாள். சிரிப்பு போய்விட்டது.

“டீச்சர், வேகம் மட்டும் இல்லை. வரிசை இல்லை. ஒன்று வருகிறது, ஒன்று வரவில்லை. இதற்கு என்ன சொல்?”

நானும் வைத்துப் பார்த்தேன். தோல் சுட்டது. உள்ளே, கூண்டில் மாட்டிக்கொண்ட ஏதோ ஒன்று வழி தேடுகிற மாதிரி முட்டி முட்டி நின்றது.

“ரொம்ப நாளாவே இப்படித்தான். ஆடறவளுக்கு நெஞ்சு அடிச்சுக்காதா?” என்றாள் அக்கா.

மியுகி கிளம்பும்போது வாசல் வரை வந்து மெதுவாகச் சொன்னாள்: “டீச்சர், மூன்று மாதமாக எல்லாச் சொல்லுக்கும் நாம் அக்காவை உதாரணம் சொல்கிறோம்.”

ஜனவரி 8

டாக்டரிடம் போகலாம் என்றேன். அரங்கேற்றம் முடியட்டும் என்றாள். ஆடக்கூடாது என்றேன். கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன்.

“நீ வேலிக்கு வெளிய நின்னு பார்த்தியாமா. கும்மிக்கு வர்ற ரேவதி சொன்னா. உள்ள வந்து ஒரு வார்த்த நல்லாருக்குன்னு சொன்னியா நீ?”

“அக்கா, நான் உன்ற ஒடம்பப் பத்திப் பேசறேன்.”

“ஒடம்பு! ஆறு வருஷம் பொணமாட்டம் கெடந்தேன். ஒரு நாளாச்சும் வா அக்கா ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கூப்பிட்டியா? உன்ற வேலைக்கு எடஞ்சல் இல்லாம நான் சும்மா கெடந்தா உனக்குப் புடிக்கும். எந்திரிச்சு நின்னா நோவா?”

படபடப்பில் பேசுகிறாள், உடம்பு சரியில்லாதவள் பேச்சு. கனகராஜிடம் அப்படித்தான் சொன்னேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 9

மாவு புளித்துவிட்டது. எழுத வேறொன்றும் இல்லை.

ஜனவரி 13

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் அரங்கேற்றம். கோயில் திடலில் நூற்றுக்கணக்கில் பெண்கள். இந்த முறை நானும் கனகராஜும் மியுகியும் முன்னாலேயே நின்றோம். முதல் வரிசையில் மாம்பழ நிறத்தில் அக்கா. எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை; கடைசியில் நானே தலைவாரிப் பூ வைத்துவிட்டிருந்தேன்.

முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு நன்றாகத்தான் ஆடினாள். சொல்லிவிடுகிறேன்: அத்தனை பேரிலும் கண் அவளிடம்தான் போயிற்று. அக்காள் தங்கை என்பதால் அல்ல. பக்கத்தில் நின்ற ஊர்பேர் தெரியாத ஒரு பெண்கூட, “அந்தம்மாவைப் பாருங்க” என்று காட்டினாள்.

மூன்றாவது பாட்டில் வட்டம் திரும்பி எங்களுக்கு நேரே வந்தபோது அவள் உதடு வெளுத்திருந்ததைப் பார்த்தேன். கை தட்டுகிறது, கால் போகிறது, முகம் மட்டும் எங்கோ இருக்கிறது. “அக்கா!” என்று கத்தினேன். மேளத்தில் கேட்டிருக்காது. நான் வட்டத்துக்குள் ஓடினேன். நாலு பேரை இடித்திருப்பேன். நான் போய்ச் சேருவதற்குள் அவள் மண்டி போட்டு, தரையில் கையை ஊன்றி, சாய்ந்துவிட்டாள். சுற்றிலும் சலங்கைகள் கொஞ்ச நேரம் நிற்கவே இல்லை. வேலுச்சாமி வாத்தியார்தான் மைக்கில், “நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ சாமி” என்றார்.

மடியில் போட்டுக்கொண்டேன். கழுத்தில் கை வைத்தேன்.

மியுகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு, “வழி விடுங்கோ! காத்து வரட்டுமுங்கோ!” என்று கத்தினாள். நான் சொல்லிக் கொடுத்த தமிழ் இல்லை அது.

ஜனவரி 15

வெளியே கரும்பு விற்கிறார்கள். பொங்கல்.

டாக்டர் சிறு வயதுப் பெண், நிதானமாகப் பேசுகிறார். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்திருக்கிறது. அதனால்தான் இளைப்பு, பசி, வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை. இதயமும் அதன் பிடியில் தாளம் தப்பிவிட்டது. இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் மூளைக்கு ரத்தக்கட்டி போயிருக்கலாமாம். மாத்திரையில் கட்டுப்படும் என்றார்.

“கண்ணு இப்படி அகலமாத் தெரியுதே, வீட்ல யாரும் கவனிக்கலையா?” என்று கேட்டார்.

கவனித்தோம். அதற்கு ஒரு சொல்கூட வைத்திருந்தோம்.

பிப்ரவரி 19

வீடு பழையபடி ஆகிவிட்டது. அக்கா மாத்திரை போட்டுக்கொண்டு மதியம் தூங்குகிறாள். கை நடுக்கம் இல்லை. ரசம் முன்போலவே வருகிறது. எனக்கும் நல்ல தூக்கம்.

மார்ச் 5

என்னோடு துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமல் கேட்டாள்: “ஏம்புள்ள, அந்த மூணு மாசம் ஆடுனது நானா, இல்ல அந்தச் சொரப்பியா?”

“எதுக்கு அதையெல்லாம் யோசிக்கிறே?”

“எனக்குத் தெரியணும். கேட்டுக்குப் பச்சை அடிச்சேனே. பச்சை எனக்குப் புடிக்குமா, அதுக்குப் புடிச்சுதா?”

உனக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். அவள் எதற்குச் சந்தோஷப்படுவாள், எந்த நிறம் பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அவள் சின்ன வயதில் எப்படி இருந்தாள் என்று எனக்கு ஞாபகமில்லை. நான்தான் சின்னவள்.

டாக்டரிடமே கேட்டுவிட்டாளாம், மாதப் பரிசோதனைக்குப் போனபோது. “சுரப்பி வேகத்தைத்தான் குடுக்கும்மா, கும்மி சொல்லிக் குடுக்காது” என்றாராம் அந்தப் பெண். அக்கா இதைச் சொல்லிவிட்டு, நான் மடித்த துண்டை மறுபடி பிரித்துச் சரியாக மடித்தாள்.

ஏப்ரல் 16

மியுகி ‘நிதானம்’ பற்றிக் கேட்டாள். பாராட்டா? ஆம் என்றேன். ‘மந்தம்’? இல்லை. இரண்டும் மெதுவாக இருப்பதுதானே என்றாள். நிதானம் என்பது தானாகத் தேர்ந்துகொள்வது, மந்தம் என்பது தன்மேல் வந்து படிவது என்று ஏதோ சொன்னேன். அகராதியில் அப்படி இருக்காது. அக்கா பின்கட்டு அறையில் இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

மே 11

சூலூரில் மாமா கட்டிய வீடு ஒன்று உண்டு. இத்தனை நாள் வாடகைக்கு விட்டிருந்தோம். குடியிருக்கிறவர்கள் காலி செய்கிறார்களாம்.

காலைக் காபியின்போது அக்கா சொன்னாள்: “நான் அங்க போயி இருக்கலாம்னு இருக்கேன்.”

கனகராஜ் பேப்பரை இறக்கினார். நான், “டாக்டர் அதிகமா அலட்டிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. இப்ப உணர்ச்சிவசப்பட்டு எந்த முடிவும்…” என்று ஆரம்பித்தேன்.

அக்கா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இடது கையை என் முன்னால் நீட்டினாள்.

“புடிச்சுப் பாரு.”

பிடித்தேன். ஒன்று. ஒன்று. ஒன்று. சுவர்க் கடிகாரம்கூட இவ்வளவு ஒழுங்காக ஓடாது.

“இப்பச் சொல்றது நாந்தான?” என்றாள். கோபமில்லை. சிரிக்கவும் இல்லை. பதிலுக்குக் காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருக்கக்கூடியவள் போல இருந்தாள்.

“நீதான் அக்கா,” என்றேன்.

ஜூன் 1

சாமான்கள் ஒரே டெம்போவில் அடங்கிவிட்டன.

ஜூன் 14

மூன்று முறை போன் செய்தும் எடுக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டாளோ, விழுந்து கிடக்கிறாளோ என்று சாயங்காலம் பஸ் பிடித்துச் சூலூர் போய்விட்டேன். வீடு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். கட்டில், ஒரு நாற்காலி, சுவரோரம் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள்.

பக்கத்து வீட்டம்மா வெளியே வந்தார். “சாந்தாமணிங்களா? சினிமாவுக்குப் போயிருக்காங்க. இந்த வீதிப் பொம்பளைங்க நாலு பேரு சேர்ந்து.”

“சினிமாவுக்கா? எங்கக்கா சினிமா பார்க்கமாட்டாங்களே.”

“அதென்னமோ தெரியலீங்க. டிக்கெட் எடுத்ததே அவங்கதான்.”

என்ன படம் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னார். இங்கேயே இருக்கிறேன் என்று படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

சிரிப்புப் படமா, அடிதடிப் படமா? அழுதிருப்பாளா? இடைவேளையில் என்ன வாங்கித் தின்றிருப்பாள்? ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. கேட்கவேண்டியது நிறைய இருந்தது. வீதி விளக்கு போட்டபோது அந்தக் கோடியில் நாலைந்து பெண்கள் பேசிக்கொண்டே வருவது தெரிந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து யார் யார் என்று அடையாளம் தெரியவில்லை. எழுந்து நின்று பார்த்தேன்.